குறை சொல்லாதவள்

காலை ஆறேகாலுக்கு அவள் உச்சுக் கொட்டினாள்.

அவன் குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டிருந்தான். உடனே எடுத்துக் கொடியில் விரித்தான்.

"எடுத்துட்டேன்" என்றான்.

அடுக்களை வாசலில் அவள் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் உடுத்திவிட்ட பச்சை அங்கி. முதுகுப்புறத்து நாடாக்களில் ஒன்று முடிச்சு அவிழ்ந்து தொங்கியது. போன மழைக்காலத்தில் இறந்தபோதும் அது அப்படித்தான் தொங்கியது.

உயிரோடு இருந்தபோது நிறையப் பேசுவாள். இறந்தபின் பேச்சு போய்விட்டது. உச்சுக் கொட்டுவது மட்டும் மிஞ்சியது. அதில் பல வகை உண்டு. பால் பொங்கி வழிந்தால் நீளமாக ஒன்று. பொத்தானை மாற்றிப் போட்டால் சின்னதாக ஒன்று. அவன் சாப்பிடாமல் படுத்தால் இரண்டு, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு. கூட வாழ்ந்தவனுக்கு அகராதி தேவைப்படவில்லை.

கடைசியாக அவள் எழுப்பிய ஓசையும் அதுதான். காய்ச்சலுக்கு அவள் நெற்றியில் அவன் ஈரத் துண்டு வைத்தான். சரியாகப் பிழியவில்லை. நீர் அவள் காதுக்குள் வழிந்தது. கண்ணைத் திறக்காமலே உச்சுக் கொட்டினாள். அவன் துண்டைப் பிழிந்துகொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் குறுக்கே கழற்றிப் போட்டான். உள்ளிருந்து அந்த ஓசை கேட்டது. அவன் செருப்பை நேராக வைத்தான். அன்றுதான் முதல்முறையாக அழுதான்.

அவனுக்கு ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை. கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் விட்டு, மறுபக்கம் வருவதை மடித்து அடுக்க வேண்டும். எல்லோரும் அவனை இஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். அவளும் அங்கே வருவாள். விரிப்பின் மூலையில் ஒரு சுருக்கம் இருந்தால் உருளையின் இரைச்சலை மீறி அந்த ஓசை கேட்கும்.

"சரி, சரி. திருப்பி விடறேன்" என்பான்.

அதை யாரோ கேட்டுவிட்டார்கள். மேற்பார்வையாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"வேலைல உன்னை ஒரு சொல் சொல்ல முடியாது, இஸ்திரி. நீ மடிச்ச விரிப்புல எறும்பு நடந்தா வழுக்கி விழும்."

"நன்றிங்க."

"சிரிப்புலதான் குறை. தனியா வேற பேசறியாமே?"

"தனியா இல்லைங்க. வீட்டுக்காரிகூட."

மேற்பார்வையாளர் கூரையைப் பார்த்தார். நீராவிக் குழாயில் சொட்டு திரண்டுகொண்டிருந்தது. அது அவர் தோளில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. புன்னகை செய்தார். பிறகு தன் சட்டைப்பையைக் காட்டினார். அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு வில்லை குத்தியிருந்தது. நடுவில் பூ.

"மாசக் கடைசிக்குள்ள இது உன் சட்டையிலயும் இருக்கணும். சாக்கடை அள்றவன்கிட்டகூட இருக்கு. இல்லேன்னா உருளைக்கு வேற ஆள் பாக்கச் சொல்லிட்டாங்க."

வில்லையைத் தருவது அகமலர்ச்சி நிலையம். விடுதி முதலாளி அதைத் தொடங்கியது கொதிகலன் வெடித்த வருஷத்தில்.

நிலையத்தின் வாசலில் ஒரு பெரிய தகரப் பீப்பாய் நின்றது. வெள்ளை அடித்துப் பூ வரைந்திருந்தார்கள். பக்கத்தில் காவலாளி மூடியைக் கையில் பிடித்தபடி இருந்தார்.

"செருப்பை அங்க விடுங்க. குறையை இதுல விடுங்க."

"என்ன குறைங்க?"

"எதுவா இருந்தா எனக்கென்ன? என் காதுல விழக்கூடாது. தலையை உள்ள விட்டுச் சொல்லிட்டுச் சட்டுனு வெளிய எடுங்க. நான் மூடிடுவேன். போன வாரம் ஒருத்தர் மூக்கு போச்சு."

"எனக்குக் குறைன்னு ஒண்ணும் இல்லைங்க."

"முதல் நாள் எல்லாரும் சொல்றதுதான். பின்னால ஆள் நிக்குது."

அவன் குனிந்தான். உள்ளே இருட்டாக இருந்தது. ஈரமான, மூடிவைத்த அறையின் வாடை. தூரத்தில் ஆட்கள் பேசுவதுபோல ஒரு முனகல். என்ன சொல்வதென்று தெரியாமல், "கொடியில துண்டு காய மாட்டேங்குது" என்றான். தலையை எடுப்பதற்குள் மூடி விழுந்தது.

உள்ளே கனிவு அலுவலர் அவனை வரவேற்றார். நடுவயதுப் பெண். பஞ்சில் பொதிந்ததுபோன்ற குரல். உட்காரும் முன் நாற்காலிக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொன்னான். உட்கார்ந்தபின், கனத்தைத் தாங்குவதற்காக இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அதையும் சொன்னான்.

"வீட்ல யார்கூடப் பேசறீங்க?"

"மனைவிகூட."

"அவங்க காலமாயிட்டதா இங்க தெரியுதே."

"ஆமாங்க."

"காலமானதுக்கு அப்புறம் வர்றாங்களா?"

"எங்கயும் போகலைங்க."

அலுவலர் தலையசைத்தார். வியப்போ சிரிப்போ எதுவும் முகத்தில் வரவில்லை. "வந்து என்ன பண்றாங்க?"

"நான் ஏதாவது தப்பாப் பண்ணினா உச்சுக் கொட்டுவா."

அலுவலரின் புன்னகை முதல்முறையாகச் சற்றுத் தளர்ந்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, இறக்கறது இயற்கை. அதை நாங்க குறையா எடுத்துக்கறதில்ல. திரும்பி வர்றதும் அவங்கவங்க விருப்பம். ஆனா உச்சுக் கொட்டறது இருக்கே, அது எதிர்மறை. ஒரு வீட்ல ஒருத்தர் உச்சுக் கொட்டினா இன்னொருத்தர் எப்படி மலர முடியும்?"

"எனக்கு அது தொந்தரவா இல்லைங்க."

"அதுதான் நோய் முத்திடுச்சுங்கறதுக்கு அடையாளம். நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க. உங்களை மட்டும் மலரவச்சு என்ன பிரயோஜனம்? வீட்டுக்குப் போனா பழைய குருடி கதவைத் திறடிங்கற கதையாயிடும்."

அன்று மாலை அவன் அடுக்களை வாசலைப் பார்த்துப் பேசினான்.

"உன்னையும் வரச் சொல்றாங்க."

சின்னதாக ஒன்று.

"சும்மா பின்னாடி உக்காந்திரு. அந்த வில்லை இல்லேன்னா வேலை போயிடும்."

மறுநாள் அவன் சட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். எங்கே கிளம்பினாலும் முதலில் போய் வாசலில் நின்றுகொண்டு அவனை அவசரப்படுத்துவது அவள் பழக்கம்.

மச்சினன் வண்டியோடு வந்திருந்தான். அவளுடைய தம்பி. விடுதிக்கு அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றி இறக்கும் வண்டி அது.

"அக்கா ஏறிட்டாளா, மாமா?"

"ம்."

"பின்னாடியா?"

"முன்னாடி."

"அதானே பாத்தேன். உயிரோட இருக்கறப்பவும் ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்ததில்ல, மகாராணி." வண்டியைக் கிளப்பினான். முதல் திருப்பத்தில் வேகமாக வளைத்தான். "ஏதாவது சொன்னாளா?"

"உச்சுக் கொட்டினா."

மச்சினன் சிரித்தான். அவனுக்கு அவள் தெரிவதும் இல்லை, கேட்பதும் இல்லை. ஆனாலும் அடுத்த திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தான். "போதுமாக்கா? இப்போ கட்டை வண்டி மாதிரி ஓட்டறேன், திருப்திதானே?" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி என்றான்.

பீப்பாய் அருகே அவள் தயங்கினாள். காவலாளி மூடியைத் திறந்து பிடித்தார்.

"அம்மா, உங்களுக்கும்தான்."

அவள் குனிந்தாள். தொங்கிக்கொண்டிருந்த நாடா முன்பக்கம் சரிந்தது. பீப்பாய்க்குள்ளிருந்து அந்த ஓசை வந்தது. அவன் இதுவரை கேட்டிராத அளவு நீளம். அவளிடம் இருந்ததெல்லாம் ஒரே இழுப்பில் வருவதுபோல. அந்த நேரத்தில் உள்ளே இருந்த முனகல்கள் நின்றுவிட்டன. காவலாளி மூடியைப் போட்டார். கொஞ்சம் யோசித்து, மூடியின்மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்தார்.

"சில குறைக்கு வெறும் மூடி தாங்காது" என்றார்.

முதல் பாடம் கதவு. வகுப்பறைக்கு ஒரே கதவு. பிறரை முதலில் உள்ளே விடுவதே கனிவின் தொடக்கம் என்று அலுவலர் விளக்கினார். தோட்டக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு "நீங்க போங்க" என்றார். சமையல்காரர் "ஐயோ, நீங்க" என்றார். காசாளர் பின்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் அவருக்காகப் பின்னால் நகர்ந்தார்கள். வரிசை படிக்கட்டில் இறங்கித் தெருவுக்குப் போனது. தெருவில் போன ஒருவர் அதை எதற்கோ நிற்கும் வரிசை என்று நினைத்துக் கடைசியில் சேர்ந்துகொண்டார். அவரையும் முதலில் போகச் சொன்னார்கள்.

வெயில் ஏறியது. சமையல்காரருக்குத் தலை சுற்றியது. சுற்றிய தலையோடு அவர் தடுமாறி உள்ளே விழுந்தார். அவருக்குத் தன்னலம் என்று தீர்ப்பாகி, பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார்கள்.

அப்போதுதான் அலுவலர் உள்ளே பார்த்தார். கடைசி வரிசையில் பச்சை அங்கியோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் பாருங்க" என்றார் தழுதழுத்த குரலில். "யாரையும் இடிக்கல. யாரையும் முந்தல. கதவுக்குக்கூடச் சிரமம் கொடுக்கல."

வகுப்பு கைதட்டியது. நேற்றுவரை அவனைத் தவிர யாருக்கும் தெரியாதவள் இப்போது எல்லோருக்கும் தெரிந்தாள். பாராட்ட ஏதாவது இருந்தால் இவர்கள் கண்ணுக்கு எதுவும் தெரியும் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசி வரிசையில் அவளுக்கு அடுத்து வேறு சிலரும் இருந்தார்கள். அசையாமல் இருந்ததால் முதலில் கவனிக்கவில்லை. ஒருவருக்குச் சட்டையின் இடது கை தோளோடு கருகிப் போயிருந்தது. அவன் கிட்டே போனான்.

"பாட்டுக்காரண்ணே?"

சலவைக்கூடத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர் அவர். வாயைத் திறந்தால் வசைதான். அந்த வசையை ராகத்தோடு பாடுவார். 'ஓட்டைக் கொதிகலனே, ஒருநாள் என்னைத் தின்னுடுவே' என்று அவர் தொடங்கினால் கூடமே சேர்ந்து பாடும். அவர் சொன்னபடியே நடந்தது.

"அண்ணே, நான் இஸ்திரி. தெரியுதா?"

அவர் புன்னகை செய்தார். அது அழகான புன்னகை. அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

"அவர் நிலையத்தோட முதல் மாணவர்" என்றார் அலுவலர் பக்கத்தில் வந்து. "ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்ல."

"இவரு நல்லாப் பாடுவாருங்க."

"முதல்ல கொஞ்சம் பாடிட்டுதான் இருந்தாரு. இப்ப சரியாயிடுச்சு."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பாட்டுக்காரரின் கருகிய சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சுக் கொட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தான். உதடு குவிந்தது. ஓசை வரவில்லை.

அதன்பிறகு அவள் வேகமாக முன்னேறினாள். மௌனப் பயிற்சியில் சமையல்காரர் தும்மினார், காசாளர் ஏப்பம் விட்டார். அவளிடமிருந்து ஓர் ஒலி இல்லை. மூச்சுப் பயிற்சியில், எதையும் விரும்பாமல் மூச்சு விடச் சொன்னார்கள். இஸ்திரிக்கு இருமல் வந்தது. இருமல் என்பது நுரையீரலின் புகார் என்று அலுவலர் சொன்னார். அவள் மூச்சே விடவில்லை. மூச்சின்மேல்கூடப் பற்று இல்லாத ஒருவரை இப்போதுதான் பார்ப்பதாக அலுவலர் சொன்னார். கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே வாழ்த்தும் பயிற்சியில் கண்ணாடியில் அவள் உருவம் விழவில்லை.

"நான் என்கிற எண்ணம் அழிஞ்சு போச்சு" என்று அலுவலர் கைகூப்பினார். தோட்டக்காரர் அவள் காலில் விழப் பார்த்தார். கால் கையில் தட்டுப்படவில்லை.

வீட்டில், மறுநாள் காலை, அவன் மறந்துபோய் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டான். ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தபோது அவள் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். துண்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். சத்தம் இல்லை. அவனே எடுத்து விரித்தான்.

அடுத்த நாள் வேண்டுமென்றே போட்டான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. சட்டையை உள்வெளியாக மாட்டினான். செருப்பைக் குறுக்கே போட்டான். சாப்பிடாமல் படுத்து, இரண்டுக்காகக் காத்திருந்தான்.

அவள் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தாள். உயிரோடு இருந்தபோது அவள் அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. அவள் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணும். இது இரண்டு பக்கமும் சமமாக இருந்தது.

அவன் நிலையத்துக்கு ஓடினான்.

"அவளை நிறுத்திடறேங்க. நான் மட்டும் வர்றேன்."

"ஏன்?" என்றார் கனிவு அலுவலர்.

"உச்சுக் கொட்ட மாட்டேங்கறா."

"வாழ்த்துகள்."

"பால் பொங்கினாலும் கொட்ட மாட்டேங்கறா."

அலுவலர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மனசைத் திறந்து சொல்லுங்க. பொறாமையா இருக்கா? சேந்தாப்பல சேர்ந்தீங்க. அவங்க எங்கயோ போயிட்டாங்க. நீங்க இன்னும் இருமிட்டு இருக்கீங்க. பல வீடுகள்ல பாக்கறதுதான் இது."

"பொறாமை இல்லைங்க. அவ எனக்கு வேணும்."

"வேணும்" என்று அலுவலர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார், தட்டில் கிடந்த முடியை எடுத்துக் காட்டுவதுபோல. "அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்க. எவ்வளவு சத்தம் அதுல."

வேண்டுமென்றே பாலைப் பொங்க விடுவது, துண்டை நனைத்துப் போடுவது ஆகியவை சக மாணவியின் வளர்ச்சிக்கு இடையூறு என்று அவனை எச்சரித்து அனுப்பினார்கள். வீட்டில் நடப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். "அவங்கதான் சொன்னாங்க" என்றார் அலுவலர். "குறையாச் சொல்லல. கனிவாச் சொன்னாங்க."

அவள் இறந்தபின் அவனிடம் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அவன் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினான்.

மாசக் கடைசியில் மலர்ச்சி விழா. விடுதியின் எல்லாப் பிரிவினரும் வந்திருந்தார்கள். மஞ்சள் வில்லைகள் வரிசை வரிசையாக மின்னின. மச்சினன் கடைசியில் சுவரோரம் நின்றான். நிலையத்தின் இயக்குநர் மேடையேறினார். மெலிந்த மனிதர். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் கண்ணை மூடித் திறந்தார்.

"கொதிகலன் வெடிச்சப்ப முதலாளி என்னைக் கூப்பிட்டார். புதுக் கொதிகலன் வேணும்னு தொழிலாளிங்க கேக்கறாங்கன்னார். நான் சொன்னேன், ஐயா, கொதிகலன் வெளிய இருக்கு. பயம் உள்ள இருக்கு. எதைச் சரிபண்ணலாம்? முதலாளி பெரிய ஞானி. எது மலிவுன்னு கேட்டார்."

கைதட்டல்.

"அதே கொதிகலன்தான் இன்னைக்கும் ஓடுது. பயம்தான் போயிடுச்சு. மழை ஒழுகுதுன்னு ஒருத்தர் வருவார். நாங்க கூரையைத் தொடறதில்ல. யார் தலைல ஒழுகுதோ, அந்தத் தலையைச் சரிபண்ணி அனுப்பறோம். அன்பால. மூச்சால. நன்றியால. இந்த ஊர்ல ஒழுகற கூரை எவ்வளவோ இருக்கலாம். ஒழுகுதுன்னு சொல்ற ஆள் ஒருத்தர் உண்டா?"

"இல்லை" என்றது கூட்டம், மகிழ்ச்சியாக.

"இந்த ஆண்டின் சிறந்த மாணவியை மேடைக்கு அழைக்கிறேன்."

அவள் நடந்து வந்தாள். பச்சை அங்கி இல்லை. வெள்ளை உடுப்பு. முதுகில் நாடாக்கள் எல்லாம் ஒரே அளவில் முடிச்சிடப்பட்டிருந்தன. தொங்கிய அந்த ஒன்றைக் கட்டிவிட அவன் எத்தனையோ மாலைகள் முயன்றிருக்கிறான். விரலுக்குப் பிடிபட்டதே இல்லை. யார் கட்டினார்கள் என்று தெரியவில்லை.

"இவங்களைப் பாருங்க" என்றார் இயக்குநர். "பசிக்குதுன்னு சொல்றதில்ல. வலிக்குதுன்னு சொல்றதில்ல. விடுப்புக் கேட்டதில்ல. சூடா இருக்குன்னு சொன்னதில்ல. உங்க எல்லாரையும் இந்த நிலைக்குக் கொண்டுவரத்தான் நாங்க ராப்பகலாப் பாடுபடறோம்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இஸ்திரி சுற்றிலும் பார்த்தான். கடைசி வரிசையில் பாட்டுக்காரரும் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கைகளிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை.

இயக்குநர் அவள் உடுப்பில் மஞ்சள் வில்லையைக் குத்தினார். அது தரையில் விழுந்து உருண்டது. மறுபடி குத்தினார். மறுபடி விழுந்தது.

"விருதுகூட வேண்டாங்கறாங்க" என்றார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். நாளையிலிருந்து அவள் நிலையத்தின் ஆசிரியை என்று அறிவிக்கப்பட்டது. பகலில் வகுப்பு. மாலையில் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள்.

பிறகு இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி இஸ்திரியிடம் வந்தார். அருகில் அலுவலர்.

"இப்ப வீட்ல உச்சுக் கொட்டற சத்தம் கேக்குதா?"

"இல்லைங்க."

"வேலை செய்யற இடத்துல?"

"இல்லைங்க."

"யார்கூடயாவது பேசறீங்களா?"

அவன் யோசித்தான். "பதில் வராதப்ப என்னத்தைங்க பேசறது?"

"குணமாயிட்டீங்க" என்றார் இயக்குநர். உருண்டு போன வில்லையைப் பொறுக்கி அவன் சட்டையில் குத்தினார். அது ஒட்டிக்கொண்டது.

அவன் நேராக வாசலுக்குப் போனான். காவலாளி மூடிக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நான் விட்ட குறையை நீங்களே வச்சுக்கங்க. என் வீட்டுக்காரி விட்டதை மட்டும் திருப்பிக் கொடுங்க."

"திருப்பிக் குடுக்கற பழக்கம் கெடையாதே, தம்பி."

"தலையை மட்டும் உள்ள விட்டுக் கேட்டுக்கறேன். ஒரே ஒரு தடவை. அவ குரல் எனக்குத் தெரியும், கூட்டத்துல கண்டுபிடிச்சிடுவேன்."

காவலாளி மோவாயால் பக்கத்துச் சுவரைக் காட்டினார். பீப்பாய் வெயிலில் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. கழுவிய நீர் இன்னும் மண்ணில் காய்ந்துகொண்டிருந்தது.

"விழாவுக்கு முந்தி கழுவி வைக்கச் சொல்லிட்டாங்க" என்றார். "சும்மா சொல்லக் கூடாது. கல்லை எடுத்தப்ப கடைசியா ஒண்ணு வந்துச்சு. ரொம்ப நீளமா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அவன் ஈர மண்ணருகே குந்தினான். காதை வைத்துக் கேட்டான். எறும்புகள் போய்க்கொண்டிருந்தன.

மச்சினன் வண்டியை எடுத்தான். அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கத்தை இஸ்திரிக்கு விட்டுக்கொடுத்திருந்தாள்.

"அக்கா எங்க இருக்கா, மாமா?"

அவன் சொன்னான். மச்சினன் முகம் மாறியது. முதல் திருப்பத்தை வேகமாக வளைத்தான். பின்னால் துணி மூட்டைகள் சரிந்தன.

"இப்ப?"

"இல்ல, மாப்ளே."

அடுத்த திருப்பத்தில் இன்னும் வேகமாக. சக்கரம் கீச்சிட்டது. யாரோ தெருவில் கத்தினார்கள்.

"இப்ப? லேசாக்கூட?"

"இல்ல."

பிரேக்கை மிதித்தான். வண்டி குலுங்கி நின்றது. ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"திட்டுக்கா" என்றான். "தறுதலைன்னு சொல்லு. அப்பா மாதிரியே ஓட்டறேன்னு சொல்லு."

பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்காமல் பொறுமையாக நின்றன. எல்லா ஓட்டுநர்களின் சட்டையிலும் மஞ்சள் பூ இருந்தது. ஒருவருக்கொருவர் முன்னால் போகும்படி கையால் காட்டிக்கொண்டே யாரும் நகராமல் இருந்தார்கள்.

சலவைக்கூடத்தில் அவன் வேலை நிலைத்தது. விரிப்புகள் மூலையில் சுருக்கத்தோடு மேல்மாடிகளுக்குப் போயின. முதலில் ஒன்றிரண்டு. பிறகு அதிகம். அவன் கண்ணில் பட்டவை குறைவு. காதுதான் அவனுக்குக் கண்ணாக இருந்திருக்கிறது. தங்க வந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. வரவேற்பறையிலும் ஒரு பீப்பாய் வைத்துவிட்டார்கள்.

கொதிகலன் முன்பைவிடச் சத்தமாக ஓடியது. அதைப் பற்றிப் பாட யாரும் இல்லை. தோட்டக்காரர் நாள் தவறாமல் வந்து அதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலை அவன் குளித்துவிட்டு வந்தான். துண்டிலிருந்து நீர் சொட்டியது. அடுக்களை வாசலில் வெள்ளை உடுப்போடு அவள் நின்றிருந்தாள். வகுப்புக்குக் கிளம்பும் நேரம். புன்னகை செய்தாள், இரண்டு பக்கமும் சமமாக.

துண்டைக் கட்டிலில் போட்டான். மெத்தையில் ஈரம் பரவியது. அவள் அதையும் புன்னகையோடு பார்த்தாள்.

அவன் கட்டிலில் மல்லாந்து படுத்தான். துண்டை எடுத்துப் பிழியாமல் மடித்தான். தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். நீர் கன்னம் வழியாக இறங்கிக் காதுக்குள் போனது. குளிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

"சரியாப் பிழியலடி. வந்து பாரு."